வாசித்தவர் என்றொரு கட்டம்

ஓய்வு பெற்ற ஆளுக்கு வேலையிடத்திலிருந்து தொலைபேசி வந்தால் ஏதோ பழுதாகியிருக்கும், அல்லது ஏதோ காணாமல் போயிருக்கும். போன மாதம் எனக்கு வந்த அழைப்பு இரண்டிலும் சேரவில்லை. நான் முப்பத்தொரு வருடம் மின் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையின் புது எஞ்சினியர் ஷாமிலா மிஸ் பேசினார். நிவித்திகல பஸ் நிலையத்தில், கையில் மரக்கறிப் பையோடு நின்றிருந்தேன்.

"அங்கிள், எல்லா ஸ்டோருக்கும் சேத்து சர்க்கிட் படம் போட புது சொஃப்ட்வெயார் எடுக்கப் போறோம். பழைய படம் எல்லாத்தையும் அதுக்கு மாத்தணும். நீங்க போட்டதுல ரெண்டு விஷயம் வெளங்கல. வயர் வயர தாண்டுற எடத்துல எல்லாம் ஒரு வளைவு போட்டிருக்கீங்க. அது பழைய முறை, இப்ப யாரும் போடுறதில்ல. மத்தது, கீழ் மூலையில 'வாசித்தவர்'னு ஒரு கட்டம். வரைஞ்சவர் தெரியும், அனுமதிச்சவர் தெரியும். வாசித்தவர்னா யாரு? அத எடுத்துரலாமா?"

"எடுக்க வேணாம் மிஸ்," என்றேன். "ஏன்?" என்றார். பஸ் வந்துவிட்டது. "எழுதித் தாறேன்," என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் இந்தக் கட்டுரை. கேட்டது ஒரு கட்டத்தைப் பற்றித்தான். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் ஒரு மனிதனின் வேலை இருக்கிறது, என் கர்வமும் கொஞ்சம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தேன். அப்பாவுக்கு ஸ்டோரில் ரோலர் மெஷினில் வேலை. தோட்டத்தில் நாங்கள் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடம் முடித்து, இரத்தினபுரியில் ஒன்றரை வருடம் வயரிங் படித்து, அதே ஸ்டோருக்குத் திரும்பி வந்தேன். முதல் ஐந்து வருடம் பல்பு மாற்றியும் மோட்டார் தூக்கியும் போனது. அதில் எழுத ஒன்றுமில்லை.

ஸ்டோரில் என்னோடு இன்னொரு மின் தொழிலாளி இருந்தார், குருவிட்டக்காரர் ஜயசேன. என்னைவிட நாலு வயது மூத்தவர். அவர் தமிழில் பாதி சிங்களம் இருக்கும், என் சிங்களத்தில் பாதி தமிழ் இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு மொழி ஆகிவிடும் என்று ஸ்டோரில் கிண்டல் செய்வார்கள். எனக்குப் படம் வரைவதில் கை நன்றாக ஓடும். ஜயசேனவுக்குப் படம் வாசிப்பதில் கண் நன்றாக ஓடும். படம் என்றால் சர்க்கிட் படம். எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று கோடு கோடாகப் போட்டது.

எங்கள் இருவருக்கும் மேலே ரணவீர சேர். கம்பெனியின் ஏழு ஸ்டோருக்கும் அவர்தான் எஞ்சினியர். மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் கூராகச் சீவிய ஒரு பென்சில் இருக்கும். அவர் வாயிலிருந்து "நல்லது" என்ற சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை. படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேசையில் வைத்துப் பார்க்கமாட்டார். அதை எடுத்துக்கொண்டு நேராக மெஷினுக்குப் போவார். நானும் பின்னால் போகவேண்டும். அங்கே ஜயசேனவைக் கூப்பிட்டு, படத்தைக் கையில் கொடுத்து, "மேக்க கியவன்ன" என்பார். இதை வாசி என்று அர்த்தம். ஜயசேன விரலை வைத்து, ஒவ்வொரு கோடாகப் பிடித்து, சத்தமாக வாசிப்பார். "இந்த வயர் இங்க இருந்து வருது, இந்த சுவிட்சுக்குப் போகுது, இங்க ரெண்டா பிரியுது." எங்கேயாவது அவர் தடுமாறினால் ரணவீர சேர் பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்தால் படம் எனக்குத் திரும்பி வரும்.

ஒருமுறை ஜயசேன தடுமாறியபோது நான் அவசரப்பட்டு விளக்கம் சொல்லப் போனேன். ரணவீர சேர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வரைஞ்ச ஆள் பேசக்கூடாது லிங்கம். பழுது வர்ற அன்னைக்கு நீ லீவுல இருப்ப," என்றார். அந்தச் சொல் பலித்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பென்சிலில் வரைந்த காலத்தில், ஒரு வயர் இன்னொன்றைத் தொடாமல் தாண்டிப் போகிற இடத்தில் சின்னதாக ஒரு வளைவு போடுவோம். தமிழில் அதைத் திமில் என்று சொல்லலாம். ஆனால் ஜயசேன முதல்நாளே அதற்கு மொல்லிய என்று பேர் வைத்துவிட்டார். சிங்களத்தில் மாட்டின் முதுகில் இருக்கும் திமில்தான் அது. தமிழரும் சிங்களவருமாக எல்லோருக்கும் அது மொல்லிய ஆகிவிட்டது. இரண்டு வயர் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. தாண்டினால் மொல்லிய, சேர்ந்தால் புள்ளி. இவ்வளவுதான் எங்கள் இலக்கணம்.

பிறகு கணினி வந்தது. இனிமேல் படங்கள் கணினியில் இருக்கவேண்டும் என்று கம்பெனி சொன்னது. யாரோ ஒரு பெரிய மென்பொருளை சீடியில் கொண்டுவந்து போட்டார்கள். அது வெளிநாட்டு முறை. வயர் தாண்டும் இடத்தில் மொல்லிய கிடையாது, வெறும் கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடு குறுக்கே போகும். புள்ளி இருந்தால் சேர்ந்திருக்கிறது, புள்ளி இல்லாவிட்டால் தாண்டுகிறது. கையால் வரைந்ததைவிட நூறு மடங்கு சுத்தம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தேயிலையைக் காய வைக்கும் டிரையர் மெஷினின் படத்தை அதில் வரைந்து, அச்செடுத்து, பழுதாகாமல் இருக்க பிளாஸ்டிக்கில் லெமினேட் பண்ணி, மின் இணைப்புப் பெட்டியான பெனலின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டினேன். ரணவீர சேர் அந்த மாதம் வேறு ஸ்டோர்களில் இருந்தார். ஜயசேனவிடம் வாசிக்கக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கணினி போட்ட படத்தில் என்ன வாசிக்க இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எம்பிலிப்பிட்டிய போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ஜயசேனவின் போன். பெருச்சாளி டிரையர் பெனலுக்குள் நுழைந்து வயர்களைக் கடித்துப் போட்டிருக்கிறது. அவர் படத்தைப் பார்த்துப் புது வயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், பதினாலும் இருவத்திரெண்டும் சேர்றது சரிதானா? எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"படத்துல என்ன இருக்கு?"

"புள்ளி இருக்கு."

"புள்ளி இருந்தா சேரும். என் படத்துல உள்ளபடி செய் மச்சான்," என்றேன். இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்தது.

பதினாலாம் வயர் டிரையரின் விசிறிக்குப் போகும் இருநூற்று முப்பது வோல்ட். இருபத்திரண்டாம் வயர் சூட்டைக் கண்காணிக்கும் எலெக்ட்ரோனிக் போர்டிலிருந்து சிவப்பு விளக்குக்கு வரும் பன்னிரண்டு வோல்ட். அந்த இரண்டும் எந்தக் காலத்திலும் சேரக்கூடாது. ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. ஜயசேன சுவிட்சைப் போட்டதும் போர்டு வெடித்துக் கருகியது. பெனல் முழுக்கப் புகை. டிரையர் நின்றது. கொழுந்து கொட்டிக்கொண்டிருந்த பருவம் அது. அரைத்து விரித்து வைத்திருந்த தேயிலை, சூட்டுக்குப் போக வழியில்லாமல், அன்று பின்னேரத்துக்குள் புளித்து வீணானது. நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை.

நான் திரும்பி வந்தபோது ஜயசேனவை வேலையிலிருந்து இடைநிறுத்தியிருந்தார்கள். ஒஃபிஸில் கணினியிலிருந்து அந்தப் படத்தைத் திரும்ப அச்செடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பதினாலும் இருபத்திரண்டும் குறுக்கே போகிற இடத்தில் புள்ளியே இல்லை. படம் சரி, ஆள் பிழை என்று முடிவு கட்டிவிட்டார்கள். விசாரணை மட்டும்தான் பாக்கி. அதில் குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். ஓய்வுக்கு ஆறு வருடம் இருந்தது அவருக்கு. அதைவிட, படம் வாசிக்கத் தெரியாதவன் என்ற பேரோடு அவர் குருவிட்டவுக்குப் போகவேண்டியிருக்கும்.

என்னைப் பார்த்தவர்கள் எல்லாம், "உங்க படம் சுத்தம், உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல," என்று முதுகில் தட்டினார்கள். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். அரைநாள் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு, "புள்ளி இருக்கு" என்று ஜயசேன சொன்னது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. ஜயசேன இல்லாத புள்ளியை இருக்கு என்று சொல்கிற ஆள் இல்லை. டிரையருக்குப் போய் பெனல் கதவைத் திறந்தேன். லெமினேட் பண்ணிய படம் புகையில் கறுத்துப் போய் அப்படியே ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். கறுப்புப் போகப் போக, கோடுகள் தெரிந்தன. குறுக்கே போகிற அந்த இடத்தில், நட்ட நடுவில், ஒரு புள்ளி. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. பிளாஸ்டிக்குக்கு உள்ளே இருந்தது.

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. லெமினேட் மெஷினை வைக்க ஒஃபிஸில் இடமில்லை என்று தேயிலை சலித்துத் தரம் பிரிக்கும் அறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அந்த அறையில் காற்றில்கூடத் தேயிலைத் தூள் மிதக்கும். படத்தை அங்கே வைத்து லெமினேட் பண்ணியது நான். நான் போடாத ஒரு புள்ளியை நானே உள்ளே வைத்து மூடியிருக்கிறேன்.

விசாரணை மெனேஜரின் ஒஃபிஸில் நடந்தது. ரணவீர சேர் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஜயசேன மேசைக்கு முன்னால் நின்றார். என் பக்கம் அவர் திரும்பவில்லை. நான் லெமினேட் பண்ணிய படத்தையும் ஒரு வெள்ளைச் சோசரையும் கொண்டுபோயிருந்தேன். எல்லோர் முன்னாலும் பிளாஸ்டிக்கை பிளேடால் கீறி, அந்தப் புள்ளியை நுனியில் எடுத்து, சோசரில் வைத்தேன். மெனேஜருக்கு வந்திருந்த சுடுதண்ணீரில் ஒரு துளி விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துளியின் ஓரம் மெதுவாகச் சிவந்தது. தேயிலையோடு வாழ்ந்த மனிதர்கள் நிறைந்த அறை அது. யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

"இது அச்சு மை இல்ல சேர், நம்ம தேயிலை," என்றேன். "லெமினேட் பண்ணினது நான். வாசிக்கக் குடுக்காம ஒட்டினது நான். ஜயசேன சந்தேகப்பட்டு என்னக் கேட்டாரு. யோசிக்காம செய்யச் சொன்னதும் நான்தான்."

ஜயசேன திரும்பவும் வேலைக்கு வந்தார். எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. என் முப்பத்தொரு வருடக் கோப்பில் இருக்கும் ஒரே எச்சரிக்கைக் கடிதம். அதை நான் ஒளித்து வைக்கவில்லை.

வெளியே வரும்போது ரணவீர சேர் என்னை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். "லிங்கம், ஏழு ஸ்டோருக்கும் படம் போட ஒரு சொஃப்ட்வெயார் நீயே தெரிவு செய். தூசி இல்லாத ஸ்டோர் எனக்கு வேணாம், அது நடக்காது. தூசி விழுந்தாலும் பிழை வராத படம் வேணும்," என்றார்.

மூன்று மாதம் அதிலேயே கிடந்தேன். ஒஃபிஸில் செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவு போடும் பழைய கணினிதான் கதி. கிளார்க் சாப்பிடப் போகும் நேரம் என் நேரம். மூன்று மென்பொருளைப் பார்த்தேன். முதலாவது, சீடியில் வந்த அதே பெரியது. அதில் இல்லாத வேலையில்லை. போர்டு வடிவமைக்கலாம், மின்சாரம் ஓடுவதைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். எங்களுக்கு அது எதற்கு? திறக்கவே ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் எடுக்கும். தமிழிலும் சிங்களத்திலும் பேர் எழுதினால் எழுத்துக்குப் பதில் வெறும் பெட்டி பெட்டியாக வரும். இரண்டாவது, இணையத்தில் திறந்து வரைவது. அழகானது, இலகுவானது. ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் மழை வந்தால் முதலில் போவது இணையம்தான். எங்களுக்குப் பழுது வருவதும் மழையில்தான்.

மூன்றாவது மிகச் சின்னது. இலவசம். பென்டிரைவில் போட்டு எந்த ஸ்டோருக்கும் கொண்டுபோகலாம். அந்தப் பழைய கணினியில்கூட உடனே திறந்தது. எங்கள் மெஷின்களுக்கு வேண்டிய குறிகளை நாமே வரைந்து சேர்த்துக்கொள்ளலாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழியும் ஒழுங்காக அச்சில் வந்தது. ஒருநாள் அதன் அமைப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது, ஒரு சின்னப் பெட்டிக்குள் டிக் போட்டதும், திரையில் குறுக்கே போன கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளைந்து எழும்பின. மொல்லிய. கிளார்க் சாப்பிட்டுவிட்டு வந்து, "என்ன லிங்கண்ணே, தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டார்.

ஆனால் நான் விரும்பினால் போதாது. ரணவீர சேர் முறைப்படி, வரையாத ஒருவர் வாசிக்கவேண்டும். ஒரே சர்க்கிட்டை மூன்றிலும் வரைந்து அச்செடுத்தேன். சலிக்கும் அறைக்குப் போய் மூன்றின் மேலும் ஒரு சிட்டிகை தூள் தேயிலையைத் தூவி, வேண்டுமென்றே உள்ளே வைத்து லெமினேட் பண்ணினேன். எடுத்துக்கொண்டு ஜயசேனவிடம் போனேன். மோட்டார் கழற்றிக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்ததிலிருந்து அவர் என்னோடு வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

"மங் கியவன்னே நே," என்றார், தலை நிமிராமல். நான் வாசிக்கமாட்டேன் என்கிறார். "படம் வாசிச்சுப் பட்டது போதும் மச்சான். நீ கொம்பியூட்டர்காரன். நீயே வாசி."

"என்ன மன்னிச்சிரு மச்சான். உன்ன நம்பாம இல்ல. என்னயே ரொம்ப நம்பிட்டேன்."

வெகு நேரம் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த விசாரணையில கடதாசிய மேசையில வச்சாங்க. கீழ உன் பேர் இருந்திச்சி, வரைஞ்சவர்னு. என் பேர் எங்கயும் இல்ல. நான் இத்தன வருஷமா வாசிச்சேன், ஒரு கடதாசியிலயும் நான் இல்ல. இருந்திருந்தா, வாசிக்காத படம் இதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். வாசிக்கிறவன் பேரையும் போடு. அப்ப வாசிக்கிறேன். பிழை வந்தா ரெண்டு பேருமா போவோம்."

எத்தனையோ படங்களுக்குக் கீழே என் பேரை அழகாக எழுதியிருக்கிறேன். அவருக்கு ஒரு கட்டம் போடவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்று அவர் வாசித்தார். பெரிய மென்பொருளின் படத்தில் ஐந்து இடத்தில் நின்றார். இணையத்தில் வரைந்ததில் மூன்று இடம். சின்னதில் ஒரே ஒரு இடம். மொல்லிய போட்ட இடங்களில் அவர் விரல் நிற்கவே இல்லை. நின்ற இடம், நாலு வயர் ஒரே புள்ளியில் சேருகிற மாதிரி நான் வரைந்திருந்த இடம். "இது மையா, தேயிலையா? எனக்குத் தெரியாது," என்றார். அன்றே ஒரு சட்டம் போட்டோம். ஒரு புள்ளியில் மூன்று வயருக்கு மேல் சேரக்கூடாது. நாலாவது வந்தால் கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி. அப்படியானால், கோடுகள் குறுக்கே தாண்டி நாலு பக்கமும் போகிற இடத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அது படத்தில் உள்ளது இல்லை, நிச்சயமாகக் குப்பை.

திருத்திய படத்தை ரணவீர சேரிடம் கொடுத்தேன். நேராக மெஷினுக்குப் போனார். ஜயசேன வாசித்தார், ஒரு இடத்திலும் நிற்காமல். ரணவீர சேர் பென்சிலை வெளியே எடுத்தார். கீழ் மூலையில் 'வாசித்தவர்: ஜயசேன' என்று மூன்று மொழியிலும் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பென்சிலை ஒரு கோடும் போடாமல் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய மெடல் அதுதான். ஏழு ஸ்டோரின் படங்களையும் அந்தச் சின்ன மென்பொருளில் நான் வரைந்தேன். ஜயசேன ஓய்வு பெறும்வரை ஒவ்வொன்றையும் வாசித்தார். படத்தால் ஒரு போர்டும் அதற்குப் பிறகு கருகவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். பணிவாகச் சொன்னால் பொய்யாகிவிடும்.

இதைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது ஷாமிலா மிஸ் திரும்பவும் பேசினார். புது மென்பொருளில் டிரையர் படத்தை வரைந்து முடித்துவிட்டாராம். அதிலும் வளைவு இருக்கிறதாம், ஒரு டிக் போட்டால் வருமாம். "கட்டத்த இன்னும் எடுக்கல அங்கிள். ஆனா வெறுமையா இருக்கு," என்றார்.

"அப்ப வாசிக்க ஆள் கூட்டிட்டு வாறேன் மிஸ்," என்றேன்.

போன வியாழக்கிழமை நானும் ஜயசேனவும் பஸ்ஸில் போனோம். படம் டிரையருக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் விரித்திருந்தது. மிஸ் ஏதோ விளக்க வாய் திறந்தார். "வரைஞ்ச ஆள் பேசக்கூடாது மிஸ்," என்றேன். சிரித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். ஜயசேன கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்தார். சலிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பதினாலாம் வயரில் விரல் வந்தது. இருபத்திரண்டைத் தாண்டும் இடத்தில், மொல்லியவுக்குச் சரியாக நடுவில், ஒரு கறுப்புப் புள்ளி. மிஸ் பதறிக் குனிந்து பார்த்தார்.

ஜயசேன தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஊதினார். புள்ளி பறந்துபோனது.

"தேயிலை," என்று சொல்லிவிட்டு, அடுத்த வயருக்குப் போனார்.